கண்ணாடிப் பஞ்சு

எனக்கும் அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவர் என்பதும் மரியாதைக்குச் சொல்வது. ஒரே வீட்டை இரண்டாக்கி வாடகைக்கு விடலாம் என்று வீட்டுக்காரருக்கு யோசனை வந்தபோது, கூடத்தின் நடுவே பலகையை நிறுத்தி, சாந்து பூசி, வெள்ளையடித்துவிட்டார். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கிவாரிப்போடும். ஒட்டுக்கேட்கிறவள் என்று என்னை யாரும் சொல்ல வேண்டாம். கேட்காமல் இருக்கத்தான் அந்த வீட்டில் தனியாக முயற்சி எடுக்க வேண்டும். நான் அந்த முயற்சியை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என் தொழில் பழைய துணியைச் சரிசெய்வது. கால் நீளத்தைக் குறைப்பேன், இடுப்பைப் பிரித்துவிடுவேன், ஜிப் மாற்றுவேன். தெருவில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது அவரவர் வீட்டாருக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிடும். ஒண்டிக்கட்டை. மிஷினை மிதித்துக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பழகிப்போன சங்கதி.

அந்த மனிதரைத் தெருவில் எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். தெருக்கோடியில், லாரிகள் போகிற பெரிய சாலையை ஒட்டி, ஒரு தகர ஷெட் இருக்கிறது. வீட்டுக் காற்றைச் சுத்தம் பண்ணுகிற மிஷின்களுக்குள் வைக்கும் ஃபில்டர் செய்கிற இடம். கண்ணாடியை உருக்கி, நூலாக இழுத்து, மெத்தைபோல ஆக்கிய பொருள் அங்கே சுருள் சுருளாக வந்து இறங்கும். ஷெட்டில் அதற்குக் கண்ணாடிப் பஞ்சு என்று பெயர். அதை அளவாக வெட்டி, பின்பக்கம் வலை ஒட்டி, ஓரங்களில் பசை அடைத்து, அட்டைச் சட்டத்தில் பொருத்தி, உறையில் போட்டு அனுப்புவார்கள். இவர் வெட்டுகிற மேஜையில் இருந்தார். கத்தி ஓட ஓட, தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளையாகப் படியும். அதனால் வந்த பெயர்.

வெட்டுகிறவர்களுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. வேலை முடிந்து வந்தால் அவர் வாசல் வழியாக நுழையமாட்டார். பின்பக்கக் குழாயடிக்குப் போய், ஒட்டு நாடாவை முழங்கை வரை ஒட்டி ஒட்டி உரித்து, தோலில் குத்தியிருக்கும் கண்ணாடி ஊசிகளை எடுப்பார். பிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார், தேய்க்கவே மாட்டார். வெந்நீர் ஊற்றினால் தோல் துவாரம் திறந்து ஊசி உள்ளே இறங்கிவிடும் என்பார். வேலைத் துணிக்குத் தனி வாளி. குளித்து முடிக்கும்வரை மனைவி பக்கத்திலேயே வரக்கூடாது. குளிர்காலத்தில் அவருடைய பல் கிடுகிடுக்கிற சத்தம் என் சமையலறைக்குக் கேட்கும். ஒருமுறை அவருடைய வேலைக்காற்சட்டையை இடுப்பு தளர்த்தக் கொண்டுவந்தார். தைத்துக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கையைச் சொறிந்துகொண்டிருந்தேன். இனி உன் ஷெட்டுத் துணி என் வாசப்படி ஏறக்கூடாது தம்பி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு ஜாக்கிரதையான மனிதர். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இன்னும் ஆறமாட்டேன் என்கிறது.

அவர் மனைவி என்னைவிட ரொம்ப இளையவள். என்னை அக்கா என்பாள், எனக்கு அவள் தங்கச்சி. பிள்ளைகள் கிடையாது. சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பேச்சை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். கதவைச் சாத்து. விளக்கை அணை. உப்பு குறைச்சல். சண்டை இல்லை, கோபம் இல்லை, வெறுமனே பேச்சு இல்லை. சாப்பிடும் தட்டில் கரண்டி உரசுவதைக் கேட்டுக்கொண்டே நானும் என் ரொட்டியைத் தின்று முடிப்பேன்.

பிறகு மழையே பெய்யாத ஒரு வருஷம் வந்தது. லாரிகள் கிளப்பிய புழுதி சாலையில் அடங்கவே இல்லை. ஜன்னலைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி படிந்துவிடும். தங்கச்சிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இஸ்திரி வேலையை விட்டாள். படுத்தால் இழுக்கும், எழுந்து உட்கார்ந்தால் இருமும். பஞ்சு என்ன செய்வதென்று தெரியாமல் சில நாள் முழித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ரம்பம் ஓடியது, சுத்தியல் ஓடியது. சாயங்காலம் புதிதாக ஒரு உறுமல் கேட்டது.

"இந்தா, இங்க வந்து உக்காரு. இப்படி, நேரா."

"என்னங்க இது?"

"இதே கடையில வாங்கினா நம்மால ஆகுமா? பழைய டேபிள் ஃபேனுக்கு ஒரு பெட்டி அடிச்சேன். முன்னாடி பஞ்சு வெச்சிருக்கேன். அந்தப் பக்கத்துக் காத்தை இழுத்து, அழுக்கைப் புடிச்சு வெச்சுக்கிட்டு, சுத்தமானதை மட்டும் உன் பக்கம் தள்ளும். மூச்சை இழுத்து விடு பாப்போம்."

"ம்."

"எப்படி இருக்கு?"

"ஜில்லுனு இருக்கு."

"அது ஃபேன். மூச்சு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு வந்துவிட்டது. குளித்து முடித்து உள்ளே வந்ததும் முதல் வேலை அந்தப் பெட்டிதான். ராத்திரி தூங்கினாயா, எந்தப் பக்கம் படுத்தாய், இழுப்பு நெஞ்சிலா தொண்டையிலா என்று விசாரிப்பார். அவள் சொல்லச் சொல்லப் பெட்டியைக் கொஞ்சம் தூக்குவார், கொஞ்சம் திருப்புவார். வாரம் ஒருமுறை பழைய பஞ்சை எடுத்துவிட்டு, ஷெட்டில் மிஞ்சிய துண்டைப் புதிதாக வைப்பார்.

"பாத்தியா எவ்வளவு கருப்புன்னு. இவ்வளவும் உன் நெஞ்சுக்குள்ள போக வேண்டியது."

"அய்யோ, இவ்வளவா?"

"பின்ன? எங்க ஷெட்டு முதலாளி வீட்ல கூட இவ்வளவு கெட்டிப் பஞ்சு கிடையாது தெரியுமா."

அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்துவிடும். மேஜை வேலைக்காரர்கள் இவர் தோள் வலியை எப்படிக் கேலி செய்தார்கள், புதிதாக வந்த பசை எப்படி நாறியது என்று ஷெட்டுக் கதையும் மெல்ல மெல்லப் பெட்டியோடு சேர்ந்து வந்தது. நான் மிஷினை மெதுவாக மிதிக்கப் பழகினேன். சத்தமாக மிதித்தால் பாதி கேட்காது.

ஆனால் இருமல் குறையவில்லை. ஜாதி மாறியது. முதலில் ஈரமாக இழுத்தது, இப்போது வறட்டு இருமலாக வந்தது. இருமல் கூடக்கூட அவர் பஞ்சைக் கெட்டியாக்கினார்.

ஒருநாள் மத்தியானம் தங்கச்சி ஒரு கட்டில் விரிப்பைக் கொண்டுவந்தாள். நடுவில் நைந்துபோயிருந்தது. அப்படிப்பட்டதை நடுவே கிழித்து, ஓரங்களை உள்பக்கம் கொண்டுவந்து சேர்த்துத் தைத்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். நான் அதை மடியில் போட்டுத் தைக்க ஆரம்பித்த சிறிது நேரத்தில் முழங்கையில் அரிப்பு பிடுங்கியது. சொறிந்தேன். சொறிந்த இடம் சிவந்து எரிந்தது. அந்த அரிப்பை எனக்குத் தெரியும். அவருடைய காற்சட்டையைத் தைத்தபோது வந்த அதே அரிப்பு. ஆனால் இது அவர் ஷெட்டுக்குப் போட்டுப்போகும் துணி இல்லையே. அவள் படுத்து எழுகிற விரிப்பு.

"தங்கச்சி, உன் கையைக் காட்டு" என்றேன்.

அவள் கையை மடியில் மறைத்துக்கொண்டாள். நான் விடவில்லை. பிடித்து இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து மேலே வரை பொடிப்பொடியாகத் தடித்திருந்தது.

"அந்தப் பெட்டி தானே?"

"தெரியும்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது ஓடுறப்ப தொண்டை குத்துது. நிறுத்தினா கொஞ்ச நேரத்துல அடங்குது. இது தெரிய பெரிய படிப்பு வேணுமா?"

"தெரிஞ்சுமா வெச்சிட்டு இருக்கே?"

"அவரு வேலைக்குப் போனதும் நிறுத்திடுவேன். குழாயடியில தண்ணி சத்தம் கேட்டதும் போட்டுடுவேன்."

எனக்கும் அந்த உறுமல் நிற்பதும் ஓடுவதும் தினமும் கேட்கத்தான் செய்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா? அவர்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா எடுத்துடுவாரு."

"எடுக்கட்டுமே."

அவள் விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவரு என்னை உக்கார வெச்சு ஒரு கேள்வி கேட்டதில்லக்கா. இப்ப தினமும் கேக்குறாரு. பெட்டி போயிட்டா அதுவும் போயிடும். நீங்க சொல்லிடாதீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. விரிப்பைத் தைத்து, தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப்பின் அவளுக்கு இழுப்பு முற்றிப்போனது. ஒரு விடியலில் பேசவே முடியாமல் தவித்தாள். அவளுடைய மூத்த அக்கா வந்து கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த அக்கா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவள், கறாரான பேர்வழி. வாசலில் நின்று, "இங்க இருந்தா செத்துடுவா" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் மட்டும் இருந்தார். குழாயடியில் தண்ணீர் ஊற்றுவார், உள்ளே வருவார், பெட்டியைப் போடுவார். ஆள் இல்லாத கட்டிலைப் பார்த்து அது உறுமிக்கொண்டிருக்கும். அவள் திரும்பி வந்தால் காற்று சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தார்போல. ஒருநாள் முட்டை வேகவைத்து எடுத்துக்கொண்டு போனேன். தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"போன் பண்ணேன்கா. அங்க நல்லா இருக்காளாம். இருமலே இல்லையாம்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். அதே ஊரு, அதே புழுதி. அந்தக் கடைக்கு முன்னாடியும் பஸ்ஸு நின்னு நின்னு போகுது. அங்க பெட்டி கூட கிடையாது. அப்புறம் எப்படி சரியாச்சு?" அவர் என்னைப் பார்க்காமலேயே பேசினார். "இங்க இருந்து அங்க போனதுல அவளுக்கு என்ன இல்லாம போச்சு? நான்தான் இல்ல. என் கூட இருந்தாத்தான் மூச்சு முட்டுது போல இருக்கு."

சொல்லக்கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டதெல்லாம் அந்த இடத்தில் எனக்கு மறந்துபோயிற்று. மறக்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். ஒரு மனிதன் தன்னையே விஷம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்?

"தம்பி, நீ இல்ல. அந்தப் பெட்டி" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்றது. "என்னக்கா சொல்றீங்க. அரிக்கிறது வெட்டும்போதுதான். உறைக்குள்ள போயிட்டா அது சுத்தமான சரக்கு. எங்க பேக்கிங் ஆளுங்க மூக்குல துணிகூட கட்டறதில்ல."

"உறைக்குள்ள போற சரக்கும் இதுவும் ஒண்ணா?"

"அதே பஞ்சுதான். வலைதான் இல்ல. வலை இருந்தா இந்த ஃபேன் இழுக்கல, திணறுது. அதான் உரிச்சிட்டேன்."

"அந்த வலையை எதுக்கு ஒட்டுறாங்க?"

"பஞ்சு பிரிஞ்சு பறக்காம..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

"ஓரத்துல பசை?"

அவர் எழுந்து போய் மேற்கு ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்தார். சாயங்கால வெயில் சாய்வாக உள்ளே வந்து கட்டிலில் விழுந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுபேரும் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தூசி மிதந்தது. தூசி எந்த வீட்டிலும் மிதக்கும். ஆனால் அதன் நடுவே, முடியைவிட மெல்லிய துணுக்குகள் திரும்பித் திரும்பி மின்னின. தூசி மின்னாது. அவை நிதானமாக இறங்கி, அவள் தலையணையில் உட்கார்ந்தன.

"இத்தனை நாளா அவ முகத்துக்கு நேரா வெச்சிருக்கேன்கா" என்றார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு பெரிய ஆம்பளை, கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் அழுதேன்.

மறுநாள் ஒரு துண்டுப் பஞ்சைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து கிளினிக்குக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா பையைப் பிரிக்காமலேயே பார்த்தாராம். "இதுதான் காரணம்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது. புழுதியும் இருக்கு. ஆனா தோலையும் தொண்டையையும் இது உறுத்தும், இழுப்பு இருக்கிறவங்களுக்கு இன்னும் மோசம். ரொம்ப நாள் சுவாசிச்சா என்ன ஆகும்னு கேட்டா, எந்த மாதிரி இழைன்னு பாத்துத்தான் சொல்லணும். முதல்ல அதை எடுங்க, வீட்டைத் துடைங்க. அப்புறம் பாக்கலாம்" என்றாராம். அவர் அதை ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் ஒப்பித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"அப்ப அவளுக்கு நான் ஒத்துக்காம போகலக்கா. பெட்டிதான் ஒத்துக்கல."

"அதைத்தானே நானும் தொண்டை கிழியச் சொன்னேன்."

வீட்டைத் துடைப்பதிலும் அவருக்கு ஷெட்டு ஒழுங்குதான். துடைப்பத்தைத் தொடவிடவில்லை, பெருக்கினால் பறக்குமாம். பெட்டியை நனைத்து, சாக்கில் கட்டி வெளியே எடுத்தார். ஈரத்துணியால் சுவர், தரை, கட்டில் சட்டம் என்று ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். ஒருமுறை துடைத்த துணியை மறுமுறை தொடவில்லை. தலையணை, விரிப்பு, நான் பாடுபட்டுச் சேர்த்துத் தைத்தது உட்பட, எல்லாம் போனது. புதுத் தலையணைக்கு நான் உறை தைத்துக் கொடுத்தேன். பிறகு சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, டீக்கடைக்குப் போய் அவளை அழைத்துவந்தார்.

இருமல் இல்லை. மருந்தோடு மூச்சு ஒழுங்காக வந்தது. கைத் தடிப்பு மறைந்தது. முதல் இரண்டு மூன்று நாள் அவர் கேட்டார். மூச்சு எப்படி இருக்கு? நல்லா இருக்கு. ராத்திரி தூக்கம்? வந்துச்சு. அப்புறம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. நல்லா இருக்கிறவளிடம் என்ன விசாரிப்பது? திருப்பிவைக்கப் பெட்டியும் இல்லை. குழாயடி, சாப்பாடு, கரண்டிச் சத்தம், கதவைச் சாத்து, விளக்கை அணை. நான் மிஷினை முழுவேகத்தில் மிதித்தேன். மெதுவாக மிதிக்க என்ன இருக்கிறது?

ஒருநாள் தங்கச்சி வந்து என் வாசலில் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்கா. கடைக்கு ஆள் வேணுமாம்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்ல. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இப்பத்தான் உடம்பு தேறி இருக்கு."

"அதான்கா. உடம்பு முடியாம போனா திரும்பி வரணும்னு இருக்கும். நல்லா இருக்கும்போது போனாதான் போன மாதிரி." கொஞ்சம் நின்றுவிட்டு, "அங்க டீ குடிக்க வர்றவன் கூட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறான்" என்றாள்.

அவள் காய் வாங்கக் கிளம்பிப் போன பின்னாலேயே பஞ்சு வந்தார். கையில் ஒரு சட்டை. ஒரு பட்டன் அறுந்திருந்தது. அறுந்ததா, அறுத்ததா என்று நான் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோர்த்தேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல, கேளு."

"மத்த வீட்ல எல்லாம் சாயங்காலம் என்ன பேசிப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டனைப் பிடித்த விரல் நின்றுவிட்டது. அவரைவிட வயதில் மூத்தவள், நாலு வீட்டைப் பார்த்தவள் என்று நம்பி வந்திருக்கிறார். நானோ என் வீட்டுச் சாயங்காலங்களில் யாரிடம் என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும் தம்பி? நீங்க ரெண்டு பேரும் பேசுறதைத்தான் நான் கேட்டுட்டு இருந்தேன்" என்றேன்.

"எங்க பேச்சையா?"

"சுவரைப் பாரு. எல்லாம் கேக்கும். உன் பல்லு கிடுகிடுக்கிறது கேக்கும். நீ அந்தக் கருப்புப் பஞ்சைக் காட்டிப் பீத்திக்கிறது கேக்கும். நீ வேலைக்குப் போனதும் அவ பெட்டியை நிறுத்துறது, நீ குழாயடிக்கு வந்ததும் ஓட விடுறது, எல்லாம் கேக்கும்."

"நிறுத்துவாளா? எதுக்கு?"

"தொண்டை குத்துதுன்னு."

"அப்புறம் எதுக்கு நான் வர்றப்ப போடணும்?"

"நீ வந்து கேப்பியே, மூச்சு எப்படி இருக்குன்னு. அதுக்கு."

அவர் சட்டையை வாங்காமலேயே எழுந்து போய்விட்டார். நான் பட்டனை முடிச்சுப்போட்டு, நூலைக் கடித்து, சட்டையை மடித்து வைத்தேன். சிறிது நேரத்தில் அவள் திரும்பிவந்து கூடையை இறக்குகிற சத்தம் கேட்டது. நான் மிஷினை விட்டு எழுந்து சுவரோரமாகப் போய் நின்றேன். வெட்கப்படுகிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது.

"இந்தா, உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றார் அவர்.

"என்ன?"

"பக்கத்து வீட்டு அக்கா நம்ம பேச்சு பூரா கேட்டுட்டே இருந்திருக்காங்க."

"எதை எல்லாம்?"

"எல்லாத்தையும். பகல்ல நீ பெட்டியை நிறுத்தி வெச்சது வரைக்கும்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்றை இழுத்துப்போடும் சத்தம். அவள் ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார், இரண்டுபேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் நான் அதுவரை கேட்காத சத்தம் அது. என்னைப் பற்றித்தான் சிரித்திருப்பார்கள்.

"மெதுவா பேசுங்க. இப்பவும் கேட்டுட்டுதான் இருப்பாங்க" என்றாள் அவள்.

நான் கடைசியாகத் தெளிவாகக் கேட்டது அதைத்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் விளக்கு அணையும்வரை பேசுகிறார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, தலையோடு தலை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்போல. சுவரில் காதை வைத்தும் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.